ஆடு மேய்ந்த வழக்கும் அடுத்த வீட்டுச் சாட்சியும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், 1860-களில் எழுதப்பட்ட சிறு வழக்குப் பதிவேடு ஒன்றைப் புரட்டினால் வரிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். தேதி, பிராது கொடுத்தவர் பெயர், எதிராளி பெயர், குற்றம், முடிவு. குற்றம் என்ற கட்டத்தில் 'வசைச் சொற்கள்' என்றிருக்கும், அல்லது 'அடிதடி', அல்லது 'ஆடு அத்துமீறி நுழைந்தது'. முடிவு என்ற கட்டத்தில் 5 ஷில்லிங் அபராதம், தள்ளுபடி, வாபஸ் என்று ஏதாவது ஒன்று. ஒரு குடும்பத்தின் ஆத்திரம், அவமானம், அரை நாள் கூலி எல்லாம் அந்த ஒற்றை வரியில் அடங்கிவிடும்.

தன் கொள்ளுப்பாட்டியைத் தேடி வருகிற ஒருவருக்கு இந்த வரி முதலில் சங்கடத்தைத்தான் தரும். கப்பல் ஏறி உலகத்தின் மறுகோடிக்கு வந்து, பத்துப் பிள்ளை பெற்று வளர்த்த பெண்மணியைப் பற்றிக் கிடைத்த ஒரே எழுத்து, அடுத்த வீட்டுக்காரியைத் திட்டினாள் என்பதா? பலர் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கப்பல் பட்டியலுக்கும் கல்லறைக் கல்வெட்டுக்கும் திரும்பிப் போகிறார்கள். குடும்ப வரலாறு தேடுகிறவர் செய்யக்கூடிய பெரிய தவறு அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அந்த வழக்கில்தான் அந்தப் பாட்டி வாய் திறந்து பேசியிருக்கிறாள். பிறப்பும் திருமணமும் இறப்பும் அவளைப் பற்றிப் பிறர் எழுதிவைத்த குறிப்புகள். வழக்கில் இருப்பது, பத்திரிகை நிருபரின் கைவழியாக வந்தாலும், அவள் சொன்ன சொல்.

இன்னொரு காரணமும் உண்டு. விக்டோரியாவில் 1854, 1857, 1861 என்று அடுத்தடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. ஆனால் வீடு வீடாக எழுதிய படிவங்கள் பின்னாளில் அழிக்கப்பட்டுவிட்டன. மொத்த எண்ணிக்கை மட்டுமே மிஞ்சியது. யார் எந்தத் தெருவில், யாருக்கு அடுத்து, எத்தனை பிள்ளைகளோடு இருந்தார் என்று இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் கணக்கெடுப்புத் தாளில் பார்த்துக்கொள்வதை இங்கே பார்க்க முடியாது. அந்த ஓட்டையை அடைக்க இருப்பவை நகராட்சி வரிப் பதிவேடுகளும் இந்தச் சண்டை வழக்குகளும்தான். 'நான் பிரதிவாதிக்கு அடுத்த குடிசையில் இருக்கிறேன்' என்று சாட்சி சொல்லும் ஒரு வாக்கியம், தொலைந்துபோன கணக்கெடுப்புத் தாளின் ஒரு துண்டு.

இவ்வளவு சண்டை ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த ஊர்கள் உருவான விதத்தைப் பார்க்க வேண்டும். 1851-இல் கிளூன்ஸ், பல்லாரட், காசல்மெயின், பென்டிகோ என்று வரிசையாகத் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டில் சுமார் 77,000 பேர் இருந்த குடியேற்றம், பத்தே ஆண்டில் 5,40,000 பேராகப் பெருகியது. ஊர் என்று ஒன்று இருந்து அதில் மக்கள் குடியேறவில்லை. மக்கள் வந்து குழி தோண்டினார்கள். குழிகளுக்கு நடுவே கூடாரம் போட்டார்கள். கூடாரம் பட்டையும் பலகையும் வைத்த குடிசையானது. குடிசைகளுக்கு நடுவே விட்டுப்போன இடம் தெருவானது. தங்கவயல் என்ற சொல் கோலாரால் நமக்குப் பழக்கமானது. கோலாருக்கு மேற்பார்வையாளர்களாக வந்த, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்களின் சொந்தபந்தங்கள் பென்டிகோவிலும் நிறைய இருந்தார்கள். ஆனால் கோலாரில் கம்பெனி போட்ட லைன் வீடுகளில் ஆட்கள் குடிவைக்கப்பட்டார்கள். விக்டோரியாவின் ஆரம்ப நாட்களில் ஒவ்வொருவனும் தனக்குத் தானே இடம் பிடித்துக்கொண்டான். எல்லை போட ஆள் இல்லாத இடத்தில் எல்லைத் தகராறு வராமல் இருக்காது.

முதல் தகராறுகள் தங்கக் குழியைப் பற்றியவை. ஆரம்பத்தில் ஒரு ஆளுக்கு 8 அடிக்கு 8 அடி, பிறகு 12 அடிக்கு 12 அடி. நான்கு பேர் சேர்ந்தால்கூட ஒரு சிறிய வீட்டு முற்றம் அளவுதான். பூமிக்கு அடியில் பக்கவாட்டில் குடைந்துகொண்டே போனால், எந்த இடத்தில் நம் மண் முடிந்து பக்கத்துக் குழிக்காரனின் மண் தொடங்குகிறது என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது. தங்கவயல் கமிஷனர் குதிரையில் வந்து, முளைக்குச்சிகளைப் பார்த்து, நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொல்வார். மேல்முறையீட்டுக்குப் பெரிதாக வழியில்லை. மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணத்தோடு இந்த அதிகாரத்தின் மீதும் இருந்த கோபம்தான் 1854 டிசம்பர் 3 அன்று பல்லாரட்டில், சுரங்கக்காரர்களுக்கும் அரசுப் படைக்கும் இடையே, யுரேகா தடுப்பரண் மோதலாக வெடித்தது.

அதற்குப் பிறகு சட்டம் மாறியது. 1855-இல் ஆண்டுக்கு 1 பவுண்டு கட்டணத்தில் 'மைனர்ஸ் ரைட்' என்ற சுரங்க உரிமைச் சீட்டு வந்தது. சுரங்கத் தகராறுகளைத் தீர்க்க, சுரங்கக்காரர்களே தேர்ந்தெடுத்த ஒன்பது பேர் கொண்ட உள்ளூர் மன்றங்கள் வந்தன. யுரேகா மோதலுக்காக ராஜதுரோக வழக்கில் நின்று விடுதலையான இத்தாலியர் ரஃபாயெல்லோ கார்பொனி, அடுத்த ஜூலையிலேயே பல்லாரட் உள்ளூர் மன்றத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குற்றவாளிக் கூண்டில் நின்றவர் சில மாதங்களில் தீர்ப்புச் சொல்லும் இடத்துக்கு வந்தார். இந்த மன்றங்கள் அதிக காலம் நீடிக்கவில்லை. 1857-இல் வந்த சட்டம் விதி வகுக்கச் சுரங்க வாரியங்களையும், வழக்கு கேட்க வார்டன் என்ற அதிகாரிகளையும் சுரங்க நீதிமன்றங்களையும் வைத்தது. ஆகவே குழி, தண்ணீர் உரிமை, பங்குதாரர் சண்டை ஆகியவற்றை வார்டனின் ஏட்டில் தேட வேண்டும். வாய்ச்சண்டை, ஆடு, நாய், வேலி, அடிதடி ஆகியவற்றை 'பெட்டி செஷன்ஸ்' என்ற சிறு வழக்கு மன்றத்தின் ஏட்டில் தேட வேண்டும். பல ஊர்களில் வார்டனும் போலீஸ் மாஜிஸ்திரேட்டும் ஒரே ஆள்தான். ஆனால் ஏடுகள் வேறு. ஓர் ஏட்டில் கிடைக்கவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

சுரங்க உரிமைச் சீட்டு வைத்திருந்தவர் தோண்டுவதற்கு மட்டுமல்ல, குடியிருக்கவும் அரசு நிலத்தில் ஓர் இடத்தை வைத்துக்கொள்ளலாம். சண்டைகளின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. பட்டா கிடையாது, முறையான அளவை கிடையாது. இடத்துக்கு உரிமை சீட்டும் புழக்கமும்தான். பக்கத்து வீட்டார் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதையை ஒருநாள் ஒருவர் வேலி போட்டு அடைப்பார். ஓடையிலிருந்து தண்ணீர் எடுக்கும் வழி அவர் தோட்டத்துக்குள் போய்விடும். மறுநாள் காலை வேலி பிடுங்கப்பட்டிருக்கும். அதற்கு மறுநாள் சம்மன். வரப்பை ஒரு சாண் தள்ளி வெட்டியதற்குத் தலைமுறை தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்களைப் பார்த்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தண்ணீர் தகராறு தனி ரகம். பென்டிகோவில் ஆறு என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. மழைக்குக் காத்திருக்கும் ஓடைதான். அந்த ஓடை நெடுகிலும், குதிரை சுற்றிவரும் வட்டத் தொட்டிகளில் களிமண்ணைக் கரைத்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். கரைத்த சேறு சரிவில் இறங்கி, கீழே இருப்பவனின் குழிக்குள்ளும், கிணற்றுக்குள்ளும், காய்கறிப் பாத்திக்குள்ளும் பாய்ந்தது. சாலைகளே மூடிப்போயின. இந்தச் சேற்றை எப்படி அகற்றுவது என்று ஆராய அரசு தனியாக ஒரு ராயல் கமிஷன் வைத்து, 1859-இல் அறிக்கை வாங்க வேண்டியிருந்தது. மேட்டில் இருந்தவனுக்கு அது பிழைப்பு. பள்ளத்தில் இருந்தவனுக்கு அது நாசம். இருவரும் ஒரே தெருக்காரர்கள்.

பிறகு ஆடு. ஏழையின் பசு என்றால் அது ஆடுதான். பால் கொடுக்கும், தீவனத்துக்குச் செலவில்லை, எங்கே விட்டாலும் மேயும். ஆனால் ஆட்டுக்கு வேலி தெரியாது. வறண்ட கோடையில், தலையில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த முட்டைக்கோசு ஒரு காலைப் பொழுதில் காலியாகும். நம்மூரில் பவுண்டு என்று சொல்லும் பட்டி அங்கும் இருந்தது. பிடித்து அடைத்தால் மீட்கக் கட்டணம். பட்டிக்கு ஓட்டிப்போகும் வழியில் ஆட்டுக்காரி குறுக்கே நின்று மறிப்பாள். அதற்கும் ஒரு வழக்கு. 1865-இல் விக்டோரியா தன் சட்டங்களைத் தொகுத்தபோது போலீஸ் குற்றங்களுக்கு ஒன்று, பட்டிகளுக்கு ஒன்று, வேலிகளுக்கு ஒன்று என்று தனித்தனிச் சட்டங்கள் இடம்பெற்றன. அன்றாட வாழ்க்கை எதில் உரசிக்கொண்டிருந்தது என்று அந்தத் தலைப்புகளே காட்டுகின்றன.

இப்போது ஒரு வழக்கைக் கிட்டத்தில் பார்ப்போம். யாருடைய பெயரும் வேண்டாம். அந்தக் காலப் பத்திரிகைகளின் போலீஸ் கோர்ட் பத்திகளில் திரும்பத் திரும்ப வரும் சாயல்களை ஒரே வழக்காகச் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு பெண்ணின் ஆடு அடுத்த வீட்டுப் பாத்தியில் நுழைகிறது. அந்த வீட்டுப் பையன் கல்லெறிகிறான். ஆட்டுக்காரி வேலிக்கு வந்து ஏதோ சொல்கிறாள். அந்தப் பக்கத்துப் பெண் கையில் இருந்த வாளித் தண்ணீரை ஊற்றுகிறாள். இருவரும் மறுநாள் காலை கோர்ட்டுக்குப் போய் ஒருவர் மேல் ஒருவர் சம்மன் வாங்குகிறார்கள். விசாரணையில், சொன்ன வார்த்தைகளை வாயால் சொல்லக் கூடாது என்று ஒரு காகிதத்தில் எழுதி மேசைக்கு அனுப்புகிறார்கள். மாஜிஸ்திரேட் படித்துவிட்டு மடித்து வைக்கிறார். பத்திரிகை 'அச்சில் ஏற்றத் தகாத சொற்கள்' என்று எழுதி நகர்கிறது. தீர்ப்பு: இரண்டு வழக்கும் தள்ளுபடி, செலவு அவரவர் பொறுப்பு.

இதில் குடும்ப வரலாற்றுக்கு என்ன இருக்கிறது? ஆட்டுக்காரி தன் வாக்குமூலத்தில், அந்தக் குடிசையில் ஒன்பது வருஷமாக இருப்பதாகச் சொல்கிறாள். கணவன் இரவு ஷிஃப்டில் இருந்ததால் வீட்டில் ஆள் இல்லை என்கிறாள். ஆகவே அவன் தனியாகக் குழி தோண்டுகிறவன் அல்ல, கம்பெனிச் சுரங்கத்தில் கூலிக்குப் போகிறவன். எதிராளி 'போன கிறிஸ்துமஸுக்குத்தான் பல்லாரட்டிலிருந்து வந்தோம்' என்கிறாள். ஒரு குடும்பம் இடம்பெயர்ந்த மாதமே கிடைத்துவிட்டது. கைக்குழந்தைக்கு அந்த ஆட்டுப்பாலைத்தான் கொடுக்கிறேன் என்கிறாள் ஆட்டுக்காரி. பிறப்புப் பதிவேட்டில் தேடிக்கொண்டிருந்த குழந்தை அந்த நாளில் உயிரோடு இருந்தது தெரிகிறது. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி சாட்சி சொல்ல வருகிறாள். சத்தியம் என்றால் என்ன என்று அவளைக் கேட்கிறார்கள். அவள் யார்? ஆட்டுக்காரியின் தங்கை மகள். அந்தத் தங்கை திருமணமாகி வேறு குடும்பப் பெயரில் அதே தெருவில் இருக்கிறாள். தேடுகிறவர் இருபது வருஷமாகக் காணாமல் நின்ற இடத்தில், ஓர் ஆடு வழி காட்டுகிறது.

அபராதத் தொகையையும் அந்தக் காலக் கணக்கில் பார்க்க வேண்டும். கம்பெனிச் சுரங்கத்தில் வாரக் கூலி 2 பவுண்டை ஒட்டி இருந்தது, அதாவது 40 ஷில்லிங். வாரத்துக்கு ஆறு நாள் வேலை. 5 ஷில்லிங் அபராதமும் கோர்ட்டுச் செலவும் சேர்ந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதைக் கட்ட முடியாதவர் சிறைக்குப் போவார். கேட்க மனம் கனக்கும், ஆனால் சிறைக்குப் போனால் ஆவணம் பெருகும். விக்டோரியாவின் கைதிகள் மையப் பதிவேட்டில் பிறந்த நாடு, வந்த கப்பல், வந்த ஆண்டு, மதம், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா என்பது, உடலில் இருக்கும் தழும்பு எல்லாம் எழுதப்பட்டிருக்கும். பின்னாட்களில் புகைப்படமும் சேர்ந்தது. அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போன பணக்கார எதிராளியைப் பற்றி அந்த ஒற்றை வரிதான் மிஞ்சும். கட்ட வழியில்லாதவளின் முகமும் கண் நிறமும் நமக்குத் தெரியும்.

பெண்கள் இந்த மன்றங்களுக்கு இவ்வளவு வந்ததை வாயாடித்தனம் என்று அந்தக் காலப் பத்திரிகைகள் எழுதின. நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. 1870-லும் 1884-லும் வந்த சொத்துச் சட்டங்களுக்கு முன், மணமான பெண் சம்பாதித்த காசுகூடச் சட்டப்படி கணவனுடையது. கணவன் புதுத் தங்கம் கேள்விப்பட்டு வேறு வயலுக்குப் போய்விட்டால், வீட்டையும் பிள்ளைகளையும் ஆட்டையும் காத்துக்கொண்டு தனியாக இருப்பவளுக்கு அவள் பெயர்தான் மூலதனம். கடையில் கடன் கொடுப்பதும், துணி வெளுக்க வீடுகள் கிடைப்பதும், நாலு பேர் அவளைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒழுக்கத்தைக் குறித்து ஒருத்தி தெருவில் நின்று கத்தினால் அது பிழைப்பின் மீது விழுந்த அடி. அதற்கு அவள் தேடக்கூடிய மிக அருகிலான, மிக மலிவான மருந்து இந்தச் சிறு வழக்கு மன்றம். வக்கீல் இல்லாமல் போகலாம், தானே பேசலாம். குழாயடிச் சண்டை என்று நாம் ஒதுக்குவதற்குள் எத்தனை வாழ்வாதாரக் கணக்கு இருக்கிறது என்று அந்தப் பத்திகளைப் படிக்கும்போது தெரிகிறது.

இந்தப் பதிவுகளில் எல்லோருடைய குரலும் சமமாக ஒலிக்கவில்லை. சீனர்கள் இதில் அதிகம் இழந்தார்கள். 1855-இல் விக்டோரியா சீனர்களுக்கு 10 பவுண்டு தலைவரி போட்டது. அதைத் தவிர்க்க அவர்கள் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான மைல் நடந்தே தங்கவயலுக்கு வந்தார்கள். 1857 ஜூலை 4 அன்று பக்லண்ட் ஆற்றங்கரையிலிருந்து வெள்ளைக்காரச் சுரங்கக்காரர்கள் அவர்களை அடித்து விரட்டினார்கள். 1861 கணக்கெடுப்பில் விக்டோரியாவில் 24,000-க்கும் மேற்பட்ட சீனர்கள் இருந்தார்கள். அக்கம்பக்கத்துத் தகராறில் கோர்ட்டுக்கு வந்தால், பைபிளுக்குப் பதிலாகத் தீக்குச்சியைக் கொளுத்தி ஊதி அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேச வேண்டும். எழுத்தர் பெயரை 'ஆ' என்று தொடங்கி எழுதுவார். தெற்குச் சீனப் பேச்சில் 'ஆ' என்பது பெயருக்கு முன்னால் பழக்கத்துக்காகச் சேர்க்கும் விளி. குடும்பப் பெயரே அல்ல. உண்மையான குடும்பப் பெயர் ஏட்டில் ஏறவே இல்லை. இன்று அந்த வம்சாவளியினர் தேடும்போது, ஒரே ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் நிற்கிறார்கள். சிலருடைய பிள்ளைகள் அந்த 'ஆ'-வையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டு வளர்ந்தார்கள்.

இதற்கு எடுத்துக்காட்டாகப் பலரும் அறிந்த ஒரு வழக்கு இருக்கிறது. 1869 அக்டோபரில், பிரைட் என்ற தங்க ஊரைச் சேர்ந்த, பன்றி கோழி வாங்கி விற்கும் ஆ ஃபூக் என்ற சீன வியாபாரி, கிரெட்டா என்ற ஊரில் ஒரு வீட்டருகே 14 வயதுப் பையன் தன்னைக் கழியைக் காட்டி மிரட்டி 10 ஷில்லிங் பறித்தான் என்று புகார் கொடுத்தார். பையன் நெட் கெல்லி. பின்னாளில் ஆஸ்திரேலியாவின் மிகப் பிரபலமான கொள்ளைக்காரனாகித் தூக்குமேடை ஏறியவன். பையன் பக்கத்துக் கதை வேறு. வியாபாரி குடிக்கத் தண்ணீர் கேட்டார், அக்கா ஆனி ஓடைத் தண்ணீர் கொடுத்தாள், மழைத் தண்ணீர் தரவில்லை என்று அவர் திட்டினார், அதில் வந்த தகராறு இது என்றார்கள். சாட்சி சொன்னவர்களில் முக்கியமானவர் அந்த அக்காவேதான். பத்து நாள் போல் காவலில் இருந்த பையன் மேல் போட்ட வழக்கு தள்ளுபடியானது. ஒரு பக்கம் வீட்டார் சாட்சி. மறுபக்கம் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசும் தனி ஆள். தீர்ப்பு சரியா தப்பா என்று 150 வருஷம் கழித்து நம்மால் சொல்ல முடியாது. ஆனால் எவரிடம் சாட்சி இருந்தது, எவரிடம் இல்லை என்பதைச் சொல்ல முடியும். ஒவ்வொரு பழைய வழக்கிலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்த வருஷம் அதே பையன் இன்னொரு சண்டையில் மாட்டினான். ஜெரமையா மெக்கார்மக் என்ற ஊர் சுற்றி வியாபாரியின் குதிரை வழிதவறி வந்தது. தன் வண்டியைச் சேற்றிலிருந்து இழுக்க இன்னொரு வியாபாரியான பென் கூல்ட் அதைப் பயன்படுத்திக்கொண்டார் என்று மெக்கார்மக் தம்பதி குற்றம் சாட்டினார்கள். கோபப்பட்ட கூல்ட், பிள்ளையில்லாத அந்தத் தம்பதிக்கு ஒரு கன்றின் விரையையும் ஆபாசக் குறிப்பு ஒன்றையும் பொட்டலமாகக் கட்டி, கெல்லி வழியாக அனுப்பினார். கைகலப்பு ஆனது. அடிதடிக்கு 3 மாதம், ஆபாசக் கடிதத்துக்கு 3 மாதம் என்று 15 வயதுப் பையனுக்குக் கடுங்காவல் கிடைத்தது. பீச்வொர்த் சிறையில் இருந்து 1871 மார்ச்சில் வெளியே வந்தான். குறிப்பை எழுதியது அவன் இல்லை. உள்ளே போனது அவன்.

கெல்லி விஷயத்தில் நமக்கு ஓர் அபூர்வ வாய்ப்பு. 1879-இல் அவன் சொல்லச் சொல்லக் கூட்டாளி எழுதிய சுமார் 8,000 சொற்கள் கொண்ட ஜெரில்டெரி கடிதத்தில் இந்தச் சண்டையை அவன் வாயாலேயே விவரிக்கிறான். மெக்கார்மக்கின் மனைவி மாட்டு எலும்பால் தன் குதிரையை அடித்தாள், குதிரை முன்னால் பாய்ந்தது, தன் முஷ்டி அந்த ஆளின் மூக்கில் பட்டுவிட்டது என்கிறான். கோர்ட் அதை நம்பவில்லை. நாமும் நம்ப வேண்டும் என்றில்லை. ஆனால் பதிவேட்டில் 'அடிதடி' என்ற ஒரு சொல்லாக இருக்கும் நிகழ்ச்சிக்குள் குதிரையும் சேறும் பிள்ளையில்லாத குறையும் வியாபாரப் போட்டியும் இருந்தது இதனால் தெரிகிறது. சாதாரணக் குடும்பங்களுக்கு இப்படி ஒரு கடிதம் கிடைக்காது. அவர்களுடைய ஒற்றை வரிக்குள்ளும் இவ்வளவு இருந்திருக்கும் என்ற நினைவோடு படிக்க வேண்டும்.

தேடும் முறையில் சில விஷயங்கள் கைகொடுக்கும். பதிவேடுகள் விக்டோரியா அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மெல்போர்னின் வட பகுதியில் தலைமை மையம், பல்லாரட்டிலும் பென்டிகோவிலும் வட்டார ஆவண மையங்கள். பத்திரிகைகளை ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். பென்டிகோ அட்வர்டைசர், பல்லாரட் ஸ்டார், காசல்மெயினின் மவுண்ட் அலெக்சாண்டர் மெயில், பீச்வொர்த்தின் ஓவன்ஸ் அண்ட் மர்ரே அட்வர்டைசர் எல்லாம் அங்கே உண்டு. பென்டிகோவைத் தேடுகிறவர் சாண்ட்ஹர்ஸ்ட் என்றும் தேட வேண்டும். 1891 வரை ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் அதுதான். பத்திரிகையில் பார்த்த வழக்கை ஏட்டிலும், ஏட்டில் பார்த்ததைப் பத்திரிகையிலும் சரிபார்க்க வேண்டும். நிருபர் பெயரைக் காதால் கேட்டு எழுதினார்; எழுத்தர் சம்மனைப் பார்த்து எழுதினார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஏடு பக்கம்தான் நான் சாய்வேன். அதே ஊரில் அதே பெயரில் இன்னொருவர் இருந்தாரா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். கார்ன்வால்காரர்கள் நிறைந்த தெருவில் ஒரே பெயர் நாலு வீட்டில் இருக்கும். அடுத்தவர் பாட்டியின் அபராதத்தை நம் பாட்டி தலையில் கட்டிவிடக் கூடாது.

நிருபரின் தொனியிலும் கவனம் வேண்டும். அயர்லாந்துப் பெண்களின் உச்சரிப்பைக் கிண்டலாக எழுத்தில் கொண்டுவந்து வாசகரைச் சிரிக்கவைப்பது அந்தப் பத்திகளின் வாடிக்கை. அவள் உண்மையில் அப்படித்தான் பேசினாள் என்று எடுத்துக்கொண்டு குடும்ப வரலாற்றில் எழுதினால், கோர்ட்டில் பட்ட அவமானத்தை நாமும் ஒருமுறை செய்ததாகும். உள்ளடக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். நையாண்டியை விட்டுவிடலாம்.

முடிவுக் கட்டத்துச் சொற்கள் பல சமயம் தீர்ப்பைவிட அதிகம் பேசும். 'வாபஸ்' என்றிருந்தால் ராசியாகியிருக்கலாம். பாதிரியாரோ அண்ணனோ நடுவில் வந்திருக்கலாம். செலவுக்குப் பயந்ததாகவும் இருக்கலாம். ஆறு மாதம் கழித்து அதே இருவர் மறுபடி ஏட்டில் வந்தால் ராசி ஆகவில்லை என்று அர்த்தம். இனி சண்டைக்குப் போக மாட்டேன் என்ற உறுதிக்கு, அதாவது சமாதானத்துக்கு ஜாமீன் கேட்டிருந்தால், ஜாமீன் நின்றவர்களின் பெயரைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவனுக்காகப் பணம் கட்டத் தயாரானவர் பெரும்பாலும் மைத்துனன், முதலாளி, அல்லது ஒரே கப்பலில் வந்த ஊர்க்காரன். 'ஆஜராகவில்லை' என்ற குறிப்பும் அப்படித்தான். 1861-இல் நியூசிலாந்தின் ஒட்டாகோவில் தங்கம் கிடைத்ததும் விக்டோரியாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பல் ஏறினார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஒரு பிரதிவாதி ஆஜராகாமல் போனால், அடுத்த தேடலைக் கடலுக்கு அந்தப் பக்கம் தொடங்கிப் பார்க்கலாம்.

வாதி பிரதிவாதி இருவரை மட்டும் எழுதிக்கொண்டு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். சாட்சிகளை விட்டுவிடுகிறார்கள். சாட்சிகள்தான் தெரு. ஒரு சின்னச் சந்தில் பத்து வருஷத்தில் நடந்த வழக்குகளின் சாட்சிப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, வரிப் பதிவேட்டோடு சேர்த்து வைத்தால், வீடுகளின் வரிசை ஏறக்குறைய வந்துவிடும். பிறகு அதே பெயர்களைத் திருமணச் சான்றிதழ்களின் சாட்சிக் கட்டத்தில் பார்க்க வேண்டும். விக்டோரியாவில் 1853 ஜூலையிலிருந்து அரசுப் பதிவு உண்டு. பெற்றோர் பெயர் உட்பட விவரங்களும் மற்ற இடங்களைவிட அதிகம். ஒரு வழக்கில் எதிரெதிரே நின்ற இரண்டு வீட்டுப் பெயர்கள் பதினைந்து வருஷம் கழித்து ஒரே திருமணச் சான்றிதழில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடுமாக நின்றால் வியப்படைய வேண்டியதில்லை. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளர்ந்த பிள்ளைகள்தானே.

ட்ரோவ் தளத்தில் பழைய அச்சைக் கணினி படிக்கும்போது எழுத்துகள் குழம்பிவிடும். மங்கிய மையில் குடும்பப் பெயர் ஒன்று பாதி எண்ணாக, பாதி புள்ளியாக வந்து நிற்கும். அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று தளம் வழி வைத்திருக்கிறது. இடப்பக்கம் திருத்தும் பெட்டி, வலப்பக்கம் பழைய பத்தியின் படம். உங்கள் பாட்டியின் பெயரைத் திருத்திவிட்டு, அதே பத்தியில் அவளோடு சண்டை போட்டவளின் பெயரையும், ஜாமீன் நின்றவரின் பெயரையும், சாட்சி சொன்ன சிறுமியின் பெயரையும் திருத்திவிடுங்கள். அந்தப் பெயர்களைத் தேடிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டின் கொள்ளுப்பேத்தி எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்திருப்பாள்.